தேதி இல்லாத திரை

அந்தத் திரையில் ஒரே ஒரு எண்தான் தெரியும். கறுப்புப் பின்னணியில், பச்சை நிறத்தில், வார்டின் அந்தக் கோடியில் நின்றாலும் படிக்கலாம் என்கிற அளவுக்குப் பெரியதாக. மேலே நோயாளியின் பெயர், அதன் கீழே என்ன பரிசோதனை என்பது, அதற்கும் கீழே அந்த எண். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், ஒவ்வொரு வார்டிலும் நர்சுகள் உட்காரும் மேசைமேல் இப்படி ஒரு திரை இருந்தது. இன்றைக்கும் எங்கேயாவது கறுப்பில் பச்சை எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பேருந்து நிலையத்திலோ வங்கியிலோ அப்படி ஒரு பலகை இருந்தால் நான் அதை நேராகப் பார்ப்பதில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வேன். படித்தவள் மாதிரி இருக்கிறாள், இதுகூடத் தெரியவில்லையா என்று அவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

அந்தத் திரையை உருவாக்கியவர் என் அக்காவின் கணவர். மாமா என்று கூப்பிடுவேன். தொண்ணூற்று மூன்றில் அவர் விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியாராக இருந்தார். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறை என்றால் செருப்பை வெளியே விட வேண்டும், சத்தம் போட்டுப் பேசக் கூடாது, ஏசியின் குளிர் தாங்காமல் பெண்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் அக்கா திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் அங்கே படித்தாள். அவளுக்குக் கடைசி வரை கம்ப்யூட்டர் வரவில்லை. வாத்தியார்தான் வந்தார், பெண் கேட்டு. அவரும் எங்களைப் போலவே கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு அப்பா சம்மதித்தார். 'பையன் நல்ல பையன், கொஞ்சம் பிடிவாதம்' என்று சாமியார் சொன்னாராம். கொஞ்சம் என்று அவர் சொன்னதை நினைத்து நான் பல வருஷம் பல்லைக் கடித்திருக்கிறேன்.

பிறகு எங்கள் மருத்துவமனையின் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டபோது மாமா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். வெளியே எதையும் வாங்கவில்லை. பதிவு, ஆய்வுக்கூடம், மருந்தகம், வார்டு, அத்தனைக்கும் மாமாவே எழுதினார். மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த அறையைக் காலி செய்து அங்கே சர்வரை வைத்தார். சர்வர் என்று பெயர்தான் பெரிது. பார்த்தால் சாதாரணப் பெட்டி. அது எப்படி ஓடுகிறது, நின்றால் என்ன செய்வது என்பதெல்லாம் மாமாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அவருக்குச் சளி பிடித்தால் மருத்துவமனைக்கே சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். 'சார் எங்க, சார் எங்க' என்று ஆள் மாற்றி ஆள் தேடுவார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் அப்போதே பயமாக இருந்தது.

நான் பதிவு கவுன்ட்டரில் இருந்தேன். அக்கா சொல்லி மாமா வாங்கித்தந்த வேலை, அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் ப்ரோக்ராமோடு நாள் முழுக்க மல்லுக்கட்டியவள் நான். பிறந்த தேதி போடாமல் அடுத்த கட்டத்துக்கே போக விடாது. மேல்மலையனூர்ப் பக்கத்துக் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த கையோடு ஜுரத்தில் வந்து நிற்கிற மனுஷனிடம் பிறந்த தேதியைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? 'நீயே ஒண்ணு போட்டுக்கம்மா' என்பார். போடுவேன். எல்லாம் எழுதி முடித்து கீபோர்டில் ஒரு கட்டையைத் தப்பாக அழுத்தினால் மொத்தமும் அழிந்துவிடும். 'அழிக்கலாமா?' என்று கேட்கும் இடத்தில் 'ஆம்' மேலேயே கோடு நின்றுகொண்டிருக்கும். அவசரத்தில் தட்டினால் தீர்ந்தது கதை. மாமாவிடம் போய்ச் சண்டை போடுவேன். 'நிதானமா தட்டு' என்பார். வரிசையில் நிற்கிறவர்களை வந்து நீங்கள் நிதானமாகப் பாருங்கள் என்பேன். அக்கா நடுவில் நின்று இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்துச் சமாதானம் செய்வாள்.

ஆனால் எங்கள் பெரிய சண்டை அந்தப் பச்சை எண்ணைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் முடிவை ஏற்றினால் அது வார்டுத் திரையில் வந்துவிடும். முடிவுகளைத் தேதிவாரியாக அடுக்கி, கடைசியாக வந்ததை மட்டும் காட்டும். பேப்பரில் எழுதி மாடிக்கு அனுப்புகிற வழக்கம் அதோடு நின்றுபோயிற்று. பெரிய டாக்டருக்கு அதில் அவ்வளவு பெருமை, பார்க்க வருகிறவர்களையெல்லாம் அழைத்துப்போய்க் காட்டுவார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. 'மாமா, அந்த நம்பருக்குப் பக்கத்துல தேதியையும் போட்டா இன்னா?' என்று கேட்டேன்.

'எதுக்கு? கடைசியா வந்ததுதான் அங்க வரும். டாக்டருக்கு ஒரு நொடிதான் டைம். அந்த ஒரு நொடியில ஒரே விஷயந்தான் அவரு கண்ணுல படணும். நீ வேற, பேஜாரு பண்ணாத.'

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. திரையில் எதையாவது கூட்டுவது சுலபம், குறைப்பதுதான் கஷ்டம் என்று அவர் சொல்வார். ஒரே ஒரு எண்ணாக அதைக் குறைப்பதற்கு அவர் மாதக்கணக்கில் உழைத்தார் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் கேட்பதும் அவர் மறுப்பதும் வீட்டில் ஒரு வேடிக்கை மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அக்கா, 'தேதி போடாதவரே, சோறு போடட்டுமா?' என்று கிண்டல் செய்வாள்.

எங்கள் மருத்துவமனையில் ஆயுத பூஜையை விமரிசையாகக் கொண்டாடுவார்கள். அதை முன்னின்று நடத்துகிறவர் மேனேஜர். நல்ல மனிதர், சத்தமாகச் சிரிப்பார், எல்லாருடைய பிள்ளைகளின் பேரும் அவருக்குத் தெரியும். கத்தரிக்கோல், ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸ், எக்ஸ்ரே மெஷின், எதையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சர்வருக்கும் உண்டு. அன்றைக்குச் சாயங்காலம் சர்வரை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். இரவு அதற்கு ஓய்வு. அவசரத்துக்குப் பேப்பர். மறுநாள் விடிந்ததும் சூடம் காட்டிவிட்டுப் போடுவார்கள். மாமா இதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. 'பொட்டு எவ்ளோ வேணா வையுங்க, தண்ணி மட்டும் தெளிக்காதீங்க' என்பார். ஆனால் மறுநாள் காலை சர்வரைப் போடுவது மட்டும் மாமாதான். மற்றவர்கள் வருவதற்குள் வந்து அவரே போட்டுவிடுவார்.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. காரணம் இதுதான்: அந்தப் பெட்டிக்குள் பொத்தான் அளவில் ஒரு செல் இருந்தது. மின்சாரம் இல்லாதபோதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. அந்தச் செல் செத்துப்போயிருந்தது. ஒயரைக் கழற்றிவிட்டால் பெட்டி தன் தேதியை மறந்துவிடும், பல வருஷம் பின்னால் போய் நிற்கும். மாமா ஒவ்வொரு முறையும் அதைப் போட்டவுடன் கையால் சரியான தேதியைக் கொடுத்துவிடுவார். செல்லை மாற்ற வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும், திறந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். தான் இருக்கும்போது என்ன கவலை என்று விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அந்த வருஷம் மழை முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஊரெல்லாம் ஜுரம். வார்டில் இடமில்லாமல் நடையில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகிற அந்த ஜுரத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. படிக்காதவர்கள்கூடக் கவுன்ட்டரில் வந்து 'பிளேட்லெட் எவ்ளோ?' என்றுதான் கேட்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. இருபதாயிரத்துக்குக் கீழே போனால் உள்ளுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிடலாம். அந்த ஜுரம் அக்காவுக்கு வந்தது.

மாடி வார்டில் சேர்த்தோம். மாமா லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆயுத பூஜை அன்று காலையில் திரையில் தொண்ணூற்று இரண்டாயிரம் என்று வந்தது. குறைவுதான், ஆனால் பயப்பட வேண்டாம் என்றார்கள். அன்று சாயங்காலம் கீழே பூஜை நடந்தபோது மாமா இறங்கி வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. இரவெல்லாம் அக்காவுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவர் விடிகிற நேரத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மேனேஜர் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். பாவம் மனுஷன், பொண்டாட்டிக்கு முடியாமல் தவிக்கிறார், எதற்கு எழுப்ப வேண்டும், நாமே போட்டுவிடலாம் என்று போய்ச் சூடம் காட்டி சர்வரைப் போட்டுவிட்டார். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி வந்திருக்கிறது. தொடர வேண்டுமானால் எஃப் ஒன் கட்டையை அழுத்து என்று கடைசியில் சொல்லியிருக்கிறது. அழுத்தினார். தொடர்ந்தது. வேறு என்ன செய்வார் அந்த மனுஷன்? தொடரட்டுமா என்று கேட்கிற எந்தப் பெட்டிக்கு நாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்?

காலையில் எடுத்த ரத்தத்தின் முடிவுகளை ஆய்வுக்கூடத்தில் வழக்கம்போல ஏற்றினார்கள். அவையெல்லாம் பல வருஷத்துக்கு முந்தைய தேதியில் போய் விழுந்தன. அடுக்கும்போது அடியில் போய்விட்டன. வார்டுத் திரையில் நேற்றைய எண்ணே நின்றது, பெரியதாக, பச்சையாக, தேதி இல்லாமல்.

டியூட்டி டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது நானும் அக்காவுக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. 'வயிறு ஒரு மாதிரியா வலிக்குது டாக்டர். பல்லு தேய்க்கும்போது ரத்தம் வந்துச்சு' என்றாள். நர்சு அவள் பேரைத் தட்டினாள், டாக்டர் திரும்பித் திரையைப் பார்த்தார். 'தொண்ணூத்தி ரெண்டாயிரம். இறங்காம நின்னுடுச்சே, நல்லது. சாயங்காலம் பாத்துட்டு வீட்டுக்குப் போலாம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன், நடையில் பாயில் படுத்திருந்தவர்கள் அவர் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. தான் போடாத சர்வர் எப்படி ஓடுகிறது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அக்கா, 'எனக்கு என்னமோ சரியில்லங்க' என்று முனகினாள். மாமா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, 'ஸ்க்ரீன்ல நல்லாத்தானே இருக்கு, நீ சும்மா பயந்துக்கினு இருக்காத' என்றார். எனக்கு அந்த வாக்கியம் இன்னும் காதில் கேட்கிறது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே அவர் அவளைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

நான் கீழே வந்து கவுன்ட்டரைத் திறந்தேன். முதலில் நின்றவர் செஞ்சிப் பக்கத்திலிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு தகப்பன். தடுப்பூசி அட்டை கையில் இருந்ததால் பிறந்த தேதி சுலபமாகக் கிடைத்தது. சீட்டை அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் நகரவில்லை.

'இன்னாம்மா இது? பையனுக்கு மூணு வயசுன்னா, மூணுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டுக்கீது?'

ஏதோ மை ஈஷியிருக்கிறது என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன். மை இல்லை. பையனுடைய வயது கழித்தல் மூன்று. மேலே தேதியைப் பார்த்தேன். பையன் பிறப்பதற்கே மூன்று வருஷம் முன்னால் ஒரு சனவரி முதல் தேதி. ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது. மாமாவைக் கிண்டல் செய்ய நல்ல சரக்கு கிடைத்தது என்று நினைத்தேன். அடுத்த கணம் கடைசித் தேதி, கடைசி எண் என்பது தலைக்குள் ஓடியது. அப்படியென்றால் மாடித் திரையில் இருப்பது இன்றைய எண்ணே இல்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பின்னால் அந்த மனிதர், 'யம்மா, எஞ் சீட்டு!' என்று கத்தினார்.

மாமா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேதியைப் பார்த்ததும் 'செல்லு' என்று ஒரு வார்த்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை. பழத்தை அப்படியே கட்டில்மேல் போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். ஆய்வுக்கூடத்தில் எண்ணும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் துப்புகிற சின்னக் காகித நாடாக்களைக் குப்பைக் கூடையில் போட்டிருப்பார்கள். மாமா அந்தக் கூடையைத் தரையில் கவிழ்த்து, மண்டிபோட்டுத் தேடினார். டெக்னீஷியன் பெண் பயந்துபோய்ச் சுவரோரம் நின்றாள். அக்காவின் பேர் இருந்த நாடாவை நான்தான் எடுத்தேன். பதினெட்டாயிரம்.

அப்புறம் எல்லாரும் ஓடினார்கள். பெரிய டாக்டருக்குப் போன் போயிற்று. வார்டில் இருந்த அத்தனை பேருடைய நாடாக்களையும் தேடி எடுத்துப் பார்க்கச் சொன்னார். தெய்வாதீனமாக மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை. அக்காவை உடனே புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் எடுக்க ஆள் கூப்பிட மாமா படியிறங்கும்போது எதிரே மேனேஜர் ஏறி வந்தார். கையில் பூஜைப் பொரிப் பொட்டலங்கள். 'சார், வூட்டம்மாவுக்குப் பிரசாதம்...' என்று ஆரம்பித்தார். மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

'யாருய்யா உன்ன மெஷினப் போடச் சொன்னது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எம் பொண்டாட்டியக் கொன்னுட்டியேய்யா!'

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. 'நீங்க தூங்கினு இருந்தீங்க சார்... எஃப் ஒன் அமுக்குன்னு வந்துச்சி, அமுக்குனேன்' என்று திக்கினார். பொட்டலம் பிரிந்து பொரியும் கடலையும் படியெல்லாம் கொட்டின. நோயாளிகள், அவர்களைப் பார்க்க வந்தவர்கள், நர்சுகள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பொரியை மிதித்துக்கொண்டுதான் அக்காவின் ஸ்ட்ரெச்சரை இறக்கினோம். மேனேஜர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். 'ஐயோ, நான் இன்னா பண்ணேன், நான் இன்னா பண்ணேன்' என்று அவர் யாரிடமும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

ஆம்புலன்ஸில் அக்காவுக்கு நினைவு வந்து வந்து போயிற்று. 'என்னங்க, வீட்டுக்குப் போலாம்னுதானே சொன்னாரு' என்றாள் ஒருமுறை. மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடியை எண்ணுவதுபோல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் உருட்டினேன். பாதி வழியிலுள்ள கிளியனூர் வந்ததா என்று டிரைவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். சாலையில் ஒவ்வொரு மாட்டுவண்டியும் என் அக்காவைக் கொல்ல வந்த மாதிரி இருந்தது.

புதுச்சேரியில் ரத்தம் வேண்டும் என்றார்கள். அக்காவுடையது லேசில் கிடைக்காத வகை. நான் எங்கள் மருத்துவமனைக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஊழியர் அட்டையின் பின்பக்கம் எல்லாருடைய ரத்த வகையும் எழுதியிருக்கும், யாராவது இருப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. மதியத்துக்குப் பிறகு ஒருவர் வந்தார். பஸ் பிடித்து, வியர்வையில் நனைந்து, நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் வழிந்தபடி. மேனேஜர்.

அவர் மாமாவைப் பார்க்கவில்லை. என்னிடம், 'பொண்ணு உயிரோட இருக்குதாம்மா?' என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். 'எங்க குடுக்கணும்?' என்றார். அழைத்துப் போனேன்.

அவர் படுத்துக்கொண்டு, ரத்தம் இறங்குவதற்காகக் கையில் கொடுத்த பந்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது மாமா உள்ளே வந்தார். நான் கையில் ஜூஸோடு கதவோரம் நின்றேன். மாமா அந்தக் குழாயில் ரத்தம் போவதைப் பார்த்தபடியே சொன்னார்: 'உங்க மேல தப்பு இல்ல. அதுக்குள்ள ஒரு செல்லு செத்துப் போயிருந்துச்சு. ரொம்ப நாளாவே. எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல.'

மேனேஜர் பந்தை அமுக்குவதை நிறுத்தவில்லை. நர்சு ஊசியை எடுத்து, பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டுப் போனாள். எழுந்து உட்கார்ந்ததும் கேட்டார்:

'அது தெரிஞ்சேதான் எஞ் சட்டையப் புடிச்சீங்களா?'

மாமா அந்தச் சட்டையின் கசங்கிய காலரைப் பார்த்தார்.

'பஸ்ல வரும்போது நான் இன்னா நெனச்சிக்கினு வந்தேன் தெரியுமா சார்? அந்தப் பொண்ணு செத்துப்போயிருந்தா நான் வூட்டுக்குப் போறதில்லன்னு முடிவு பண்ணிக்கினு வந்தேன். எம் பொண்ணு வயசு அதுக்கு.' அவர் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். 'ரத்தம் அந்தப் பொண்ணுக்குத்தான் குடுத்தேன். உங்ககிட்ட இனிமே எனக்குப் பேச்சு இல்ல.'

அக்கா பிழைத்தாள். சில நாள் இழுபறியாக இருந்து, பிறகு ஒரு காலையில் கேப்பைக் கூழ் வேண்டும் என்று கேட்டாள். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஊருக்குத் திரும்பியதும் பெரிய டாக்டரிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னார். அவர் திட்டினாரா இல்லையா என்று மாமா வீட்டில் சொல்லவில்லை. புதுச் செல் போட்டார். திரையில் தேதியைப் போட்டார். அதோடு நிற்கவில்லை. நேரத்தைப் போட்டார், முந்தைய எண்ணைப் போட்டார், பரிசோதித்தவர் பேரைப் போட்டார், சந்தேகம் இருந்தால் கேட்கவும் என்று ஒரு வரி போட்டார், அதைப் படித்தேன் என்று ஒரு கட்டையை அழுத்தச் சொன்னார். கடைசியில் எண் எங்கே இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு வருஷத்தில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியின் ப்ரோக்ராம் வந்ததும் மாமாவுடையதைத் தூக்கிவிட்டார்கள். அதில் எது ஓடாவிட்டாலும் ஒரு நம்பருக்குப் போன் போட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டும். யார் தலைக்குள் அது இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த இரண்டு வருஷமும் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டு மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் என் கவுன்ட்டருக்கு வந்து, 'உங்க மாமாகிட்ட சொல்லும்மா, மேல ஸ்க்ரீன் ஓடல, ஜல்தியா பாக்கச் சொல்லு' என்பார். நான் திரும்பி மாமாவிடம் சொல்வேன். மாமா தலையாட்டிவிட்டுப் போவார். அதைப் பார்க்கச் சகிக்காமல் இரண்டு பேரையும் பிடித்துத் திட்டலாமா என்று எனக்கு வரும். பிறகு மேனேஜர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று விழுப்புரத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்கா கேக் எடுத்துக்கொண்டு விழுப்புரம் போய்வருவாள். மாமாதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார். ஆனால் உள்ளே போகமாட்டார். அந்த வீட்டுக்கு எதிரே கரண்டு கம்பத்தை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருப்பார். உள்ளே மேனேஜர் அக்காவிடம் 'ஒடம்பு எப்பிடிம்மா இருக்குது?' என்று கேட்பார், காப்பி கொடுக்கச் சொல்வார், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். மாமாவைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல் கேட்டின் கம்பிக்கு வெளியே மாமா நிற்பது தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. 'அடுத்த வருஷம் வீட்லயே இருங்களேன், நான் பஸ்ல போய்க்கறேன்' என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். மாமா கேட்கவில்லை.

போன ஆடியில் மாமா இறந்துவிட்டார். மாரடைப்பு. காலையில் ஷூ போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அக்கா யார் யாருக்கோ சொல்லியனுப்பினாள், விழுப்புரத்துக்குச் சொல்லவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. போகத்தான் வேண்டும் என்றாள். மாமாவின் ஸ்கூட்டரை நான் எடுத்தேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் மாமாவின் மழைக்கோட்டையும் ஹெல்மெட்டையுமே போட்டுக்கொண்டேன். கோட்டு எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வண்டியை அதே கம்பத்தை ஒட்டி நிறுத்தினேன். அக்கா மட்டும் உள்ளே போனாள். மாமா எப்படி இத்தனை வருஷம் இங்கே நின்றார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். சாலையில் போகிறவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் அக்கா வெளியே வந்தாள். என்னருகில் வந்து வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

'என்னக்கா?'

'உன்னப் பாத்துட்டுச் சொல்றாரு' என்றாள். 'எவ்ளோ வருஷந்தான் அவரு ரோட்டுலயே நிப்பாரு, மழ வேற பெய்யுது, உள்ள வந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவச் சொல்லும்மான்னு.'

'நீ என்ன சொன்ன?' என்றேன்.

'இன்னொரு நாள் வருவாருன்னு சொல்லிட்டேன்.'

ஹெல்மெட்டின் பட்டையை அவிழ்க்க என் கை தானாகப் போயிற்று. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். 'கழட்டாதடி' என்றாள்.

உள்ளே நாற்காலியிலிருந்து கிழவர் மெதுவாக எழுந்து வாசல்படிக்கு வந்தார். மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி அசைத்தார். நானும் என் கையை உயர்த்தினேன்.